ஆயுத பூஜையும் ஒரு டிரம் மெக்னீசியமும்

மண்ணூர்பேட்டையில் ஒரு புதுக் கம்பெனி வந்திருக்கிறது. மின்சார ஸ்கூட்டருக்கான மெக்னீசியம் பாகங்களைக் கடைகிறார்கள். வண்டி லேசாக இருந்தால்தான் பாட்டரி தாங்குமாம், அதனால் எல்லோருக்கும் திடீரென்று மெக்னீசியத்தின் மேல் பிரியம். அங்கே பாதுகாப்பு அதிகாரியாக இருப்பவர் எனக்குப் போன் செய்தார். "மேடம், எங்க ஆளுங்களுக்கு ஒரு சின்ன ப்ரசன்டேஷன் குடுங்க. அஞ்சு ஸ்லைடு போதும். பாயின்ட் பாயின்ட்டா இருந்தா நல்லா பதியும்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. பாயின்ட் பாயின்ட்டாகத்தான் எங்கள் கம்பெனிச் சுவரிலும் எழுதி வைத்திருந்தோம், சிவப்பு பெயின்டில், ஆளுயரத்துக்கு. அதைத் தினமும் பார்த்துக்கொண்டு வேலை செய்த மனிதர்தான் ஒரு டிரம் மெக்னீசியத்தின் மேல் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தார். ஆகவே ஸ்லைடு கிடையாது, நடந்ததை நடந்தபடி எழுதித் தருகிறேன், டீ நேரத்தில் யாராவது உரக்கப் படியுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

நான் பட்டாபிராம்காரி. பி.எஸ்ஸி. வேதியியல் படித்தேன். தனிம அட்டவணையில் இரண்டாவது தொகுதியில் இருப்பவை காரமண் உலோகங்கள். பெரிலியம், மெக்னீசியம், கால்சியம், ஸ்ட்ரான்சியம், பேரியம், கடைசியில் ரேடியம். ஒரே குடும்பம்தான், ஆனால் கீழே போகப் போகக் கோபம் அதிகம். பேரியம் தண்ணீரைக் கண்டதும் சண்டைக்குப் போகும். கால்சியம் முணுமுணுக்கும். மெக்னீசியம் மட்டும் பொறுமைசாலி. 'மெக்னீசியம் குளிர்ந்த நீருடன் மிக மெதுவாகவே வினைபுரியும்' என்று பரீட்சையில் எழுதி முழு மதிப்பெண் வாங்கினேன். அந்த வாக்கியம் பொய் இல்லை. ஆனால் அதை நம்பிக்கொண்டு பட்டறைக்குள் போகக்கூடாது என்று எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை.

முதல் வேலை அம்பத்தூர் எஸ்டேட்டில், பாய்லர் தண்ணீர் சோதிக்கும் ஒரு சின்ன லேப்பில். ஒவ்வொரு கம்பெனியாகப் போய் போர் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து வருவேன். சொட்டுச் சொட்டாகக் கரைசலை விட்டுக் குலுக்கினால் ஒயின் சிவப்பு நிறம் சட்டென்று நீலமாகும். அந்த இடத்தில் நிறுத்தி, இவ்வளவு கால்சியம், இவ்வளவு மெக்னீசியம் என்று சொல்லவேண்டும். அந்த வட்டாரத்துத் தண்ணீர் ஒவ்வொன்றும் ஒரு குணம். ஒன்று பாய்லர் குழாயில் சுண்ணாம்பாகப் படியும். இன்னொன்று வாயில் வைத்தாலே உப்புக் கரிக்கும். எந்தத் தெருவில் எந்தத் தண்ணீர் என்று எனக்கு மனப்பாடம். என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் வீட்டுக்கு நாங்கள் போனபோது, அங்கே காபியைக் குடித்ததும், "உங்க தெருவுல கடினத்தன்மை ஜாஸ்தி" என்று என்னையறியாமல் சொல்லி, அந்தச் சம்பந்தம் கை நழுவிப் போனது என்று என் தங்கை இன்றைக்கும் கேலி செய்கிறாள்.

அந்த லேப்பை மூடியபோது மெக்னீசியம் வார்த்துக் கடையும் கம்பெனியில் சேர்ந்தேன். ஓய்வு பெறும்வரை அங்கேதான். கம்பெனி இப்போது இல்லை, பெயரும் வேண்டாம்.

அங்கே மேனேஜர் சம்பந்தம் சார். ஒல்லியான உடம்பு, சத்தம் போடாத குரல். கடைசல் பகுதிக்குள் நுழையும் முன் வாசலில் நின்று தன் பேன்ட்டின் கீழ் விளிம்பை உதறுவார். மடிப்பு வைத்துத் தைத்த பேன்ட்டோடு யாரையும் உள்ளே விடமாட்டார், மடிப்பில் மெக்னீசியத் தூள் தங்கிவிடும் என்று. செருப்பைத் திருப்பிப் பார்ப்பார், அடியில் ஆணி இருந்தால் தீப்பொறி வரும். அதற்குப் பிறகு ஒரே ஒரு கேள்வி. எதைக் காட்டினாலும், எதைக் கையில் எடுத்தாலும் அதே கேள்விதான்.

"உலர்ந்திருக்கா?"

நான் வேலையில் சேர்ந்த வாரத்தில் ஒரு வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்து, நுனியில் முடிச்சுப் போட்டுக்கொண்டு ரயில் பிடித்து ஓடிவந்தேன். வாசலில் சார் என் தலையைப் பார்த்தார். "வசந்தா, உலர்ந்திருக்கா?" என்றார். முடிச்சிலிருந்து ஒரு சொட்டு என் ரவிக்கையில் விழுந்துகொண்டிருந்தது. ஆபீஸ் அறை ஃபேனுக்கு அடியில் போய் நிற்கச் சொன்னார். அக்கவுன்ட்ஸ் பெண்கள் எல்லாம் சிரிக்க, தலை காயும்வரை அங்கே நின்றேன். அன்றைக்கு இந்த ஆளோடு குப்பை கொட்ட முடியாது என்று வீட்டில் சொல்லி அழுதேன். மறுநாள் ஆத்திரத்தோடு ஒரு ஹேர் டிரையர் வாங்கினேன்.

மெக்னீசியம் கட்டியாக இருக்கும்வரை சாது. அடுப்பில் போட்டால்கூட உடனே பற்றாது. ஆனால் லேத்தில் கடையும்போது சுருள் சுருளாகவும் தூளாகவும் விழுகிறதே சீவல், பட்டறையில் அதற்குச் சிப்ஸ் என்று பெயர், அதுதான் ஆபத்து. ஒவ்வொரு லேத்துக்குப் பக்கத்திலும் ஒரு மூடி போட்ட தகரம் இருக்கும். அதற்குள் வார்ப்பிரும்புச் சிப்ஸ். எதற்கு என்று நான் கேட்பதற்கு முன்பே ஒருநாள் பார்த்துவிட்டேன். கருவி மழுங்கிப்போய் ஒரு லேத்தில் சிப்ஸ் பற்றிக்கொண்டது. வெள்ளை வெளிச்சம். ஆபரேட்டர் ஓடவில்லை, மெஷினை நிறுத்திவிட்டுத் தகரத்தைத் திறந்தார். சார் நடந்துவந்து, அதிலிருந்து ஒரு கரண்டி இரும்புச் சிப்ஸை எடுத்து, தூங்குகிற குழந்தைக்குப் போர்வை போர்த்துவதுபோல் ஓரத்திலிருந்து மெதுவாகப் பரப்பினார். வெளிச்சம் அடங்கியது. இரும்பு சூட்டை வாங்கிக்கொள்ளும், காற்றை மறைக்கும். கொட்டினால் எரிகிற தூள் பறக்கும், அதனால் பரப்பவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக அந்த இரும்பு துருப்பிடிக்காமல், ஈரமில்லாமல் இருக்கவேண்டும். சார் தகரத்தை மூடும்போது உள்ளே விரல் விட்டுப் பார்த்தார். என்ன கேட்டார் என்று சொல்லத் தேவையில்லை.

அந்த ஆபரேட்டர் காசி. சென்னீர்குப்பத்துக்காரர். அப்பா அம்மா வயல் கூலி வேலை பார்த்தவர்கள், அவர்கள் வேலை பார்த்த வயலில் இப்போது குடோன் நிற்கிறது என்று சிரித்துக்கொண்டே சொல்வார். லேத்தைத் தன் மூத்த பிள்ளை என்பார். கை அவ்வளவு சுத்தம். அவர் கடைந்த பாகத்தை நான் அளந்து பார்ப்பதே வீண் வேலை.

இனி அந்த ஆயுத பூஜை.

எஸ்டேட்டில் ஆயுத பூஜை என்றால் தீபாவளியைவிடப் பெரிது. முதல் நாள் மெஷின்களை எல்லாம் சோப்புத் தண்ணீர் விட்டுக் கழுவி, துடைத்து, எண்ணெய் போட்டு, சந்தனம் குங்குமம் வைப்பார்கள். எங்கள் மெக்னீசியம் பகுதிக்கு மட்டும் அது கிடையாது. நார் பிரஷ்ஷால் தூசி தட்டலாம், உலர்ந்த துணியால் துடைக்கலாம். அவ்வளவுதான். பக்கத்தில் இரும்புத் தகடு அழுத்தும் பிரஸ் பகுதியில் மெஷின்கள் பளபளவென்று நிற்கும்போது எங்கள் லேத்துகள் தூங்கி எழுந்த முகத்தோடு நிற்கும்.

அந்த வருஷம் முதல் நாள் சார் கோயம்புத்தூர் போயிருந்தார். நான் லேப்பைப் பூட்டிவிட்டுச் சீக்கிரம் கிளம்பிவிட்டேன். சாயங்காலம் பிரஸ் பகுதி ஆட்கள் காசியைச் சீண்டியிருக்கிறார்கள். "இன்னா மாமே, ஊரெல்லாம் குளிச்சிக்கினு கீது, உன் லேத்துக்கு மட்டும் இன்னா தீட்டா?" என்று கேட்டிருக்கிறார்கள். காசிக்கு அது மனதில் தைத்துவிட்டது. போர் தண்ணீர்க் குழாயை இழுத்து வந்து லேத்தைக் கழுவினார், தரையைக் கழுவினார். அந்த வாரத்துச் சிப்ஸ் முக்கால்வாசி நிரம்பியிருந்த டிரம்மையும் உள்ளும் வெளியுமாகக் கழுவினார். அழுக்காகத் தெரிந்த வார்ப்பிரும்புத் தகரங்களைக் காலி செய்து தேய்த்துக் கவிழ்த்தார். மணல் வாளிகளையும் விடவில்லை. டிரம்மிலிருந்து தண்ணீரை வடித்துவிட்டு, மூடியை வைத்து, வளையத்தை இறுக்கி, பார்க்க லட்சணமாக இருக்கிறது என்று அதையே பூஜைக்குப் பீடமாக வைத்துவிட்டார்.

மறுநாள் காலை தூறல். பூஜைக்குக் குடும்பத்தோடு வருவது எங்கள் கம்பெனி வழக்கம். ஹாலில் ஜமுக்காளம் விரித்துப் பெண்களும் குழந்தைகளும் உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசையில் காசியின் மனைவி செல்வி, பக்கத்தில் மகள் யாமினி, பட்டுப்பாவாடையில். அவர்கள் முகத்துக்கு நேரே சிவப்புத் துணி போர்த்திய பீடம், அதன்மேல் சாமி படங்கள், வாழை இலையில் பொரி, நடுவில் ஐந்து முகமும் ஏற்றிய குத்துவிளக்கு. விளக்கு கொஞ்சம் சாய்ந்திருந்தது. யாரோ அதற்கடியில் ஒரு அட்டையை மடித்து வைத்திருந்தார்கள்.

நான் வாங்கி வந்த கதம்பத்தைப் படத்துக்குச் சாத்தக் குனிந்தேன். முழங்கை துணியில் பட்டது. கதகதவென்று இருந்தது. அந்த ஈரக் காலையில் எதுவும் கதகதப்பாக இருக்க நியாயமில்லை. துணிக்குள் கையை விட்டுப் புறங்கையை வைத்தேன். சுட்டது. காதைக் கிட்டே கொண்டுபோனால், தண்ணீர் கொதிப்பதற்குச் சற்று முன் பாத்திரத்துக்குள் கேட்குமே, அந்த இரைச்சல். அப்போதுதான் விளக்கு ஏன் சாய்ந்திருக்கிறது என்று புரிந்தது. மூடி உப்பியிருந்தது.

காசி வேஷ்டி சட்டையில் பக்கத்தில் நின்றார். "காசி, இந்த டிரம்ல என்ன?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"நம்ம சிப்ஸு தான் மேடம்."

"தண்ணி பட்டுதா?"

அவர் முகம் மலர்ந்தது. "நேத்து நல்லா குளிப்பாட்டி உட்டேன் மேடம். சும்மா கண்ணாடியாட்டம் கீது பாருங்க."

 மெக்னீசியம் தண்ணீரோடு மெதுவாகத்தான் வினைபுரியும், ஒரு துண்டு மெக்னீசிய நாடாவும் ஒரு டம்ளர் தண்ணீரும் என்றால். மேலே வெள்ளையாக ஒரு படலம் படிந்து அதுவே தடுத்துவிடும். ஆனால் இது மலைபோல் தூள், தூளுக்குத் தூள் ஈரம். முழுக்கத் தண்ணீரில் மூழ்கிக் கிடந்தாலாவது சூடு தணியும், இங்கே அதுவும் இல்லை. இதெல்லாம் போதாதென்று எங்கள் தெருப் போர் தண்ணீர். அதன் உப்பை நானே அளந்திருக்கிறேன். உப்பு அந்தக் காப்புப் படலத்தை அரித்துக்கொண்டே இருக்கும். ராத்திரி முழுவதும் மூடிய டிரம்முக்குள் சூடும் ஹைட்ரஜனும் சேர்ந்துகொண்டே இருந்திருக்கின்றன. மூடி இடுக்கில் கசிகிற வாயு நேரே மேலே போகும். மேலே ஐந்து திரி எரிகிறது. முதலாளி கற்பூரத் தட்டோடு தீப்பெட்டியை எடுத்துவிட்டார்.

சுமங்கலி விளக்கை அணைக்கக்கூடாது, அணைப்பதென்றால் பூவால் குளிரவைக்க வேண்டும் என்பதெல்லாம் எனக்கும் தெரியும். ஐந்து திரியையும் விரலாலேயே எண்ணெய்க்குள் அழுத்தினேன். முதலாளி கையிலிருந்து தீப்பெட்டியைப் பிடுங்கினேன்.

ஜமுக்காளத்தில் யாரோ "ஐயய்யோ" என்றார்கள். முதலாளி முகம் சிவந்துவிட்டது. "என்ன மேடம் இது? நல்ல நாளும் அதுவுமா விளக்கை அணைக்கிறீங்க? நல்ல நேரம் முடியப் போவுது!"

நான் அவரைப் பார்க்கவில்லை. காலை ரயிலில் திரும்பியிருந்த சம்பந்தம் சார் பட்டு வேஷ்டியில் பின்னால் நின்றிருந்தார். "சார், ஈரம்" என்றேன். அவ்வளவுதான் என்னால் சொல்ல முடிந்தது.

அவர் வந்தார். புறங்கையை வைத்தார், எடுத்தார். என்னிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. கூட்டத்தைப் பார்த்து, டீ சொல்லுகிற குரலில், "பூஜை முன்கேட்டுல. பொரியும் அங்கதான் குடுக்கறோம். எல்லாரும் எழுந்து வாங்க. எந்த ஸ்விட்சையும் தொட வேணாம், இருக்கிறது அப்படியே இருக்கட்டும்" என்றார். முதலாளி வாயைத் திறந்தார். சார் அவர் தோளில் கை வைத்து, அவரையும் சேர்த்து நடத்திக்கொண்டு போனார். பொரி என்றதும் குழந்தைகள் ஓடிவிட்டன. செல்வி மட்டும் யாமினியை இடுப்பில் தூக்கிக்கொண்டு நின்றாள். என் முகத்தையும் கணவன் முகத்தையும் பார்த்தாள்.

"நீயும் வா" என்றாள் காசியிடம்.

"பாப்பாவ இட்டுக்கினு போ செல்வி. தோ, பின்னாடியே வந்துர்றேன்."

"நீ வந்தாத்தான் நான் போவேன்."

"போன்னு சொல்றேன் இல்ல!" என்று காசி கத்தினார். அவர் கத்தி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். அவள் அழுதுகொண்டே போனாள்.

டிரம்மை ஹாலிலேயே விட முடியாது. பக்கத்தில் எண்ணெய்ப் பீப்பாய்கள், இன்னும் சில சிப்ஸ் டிரம்கள், மேலே வாயு தங்குகிற கூரை. வெட்டவெளியில் வைக்கவும் முடியாது, தூறல். பின்பக்கம் சைக்கிள் ஸ்டாண்டு இருந்தது. மூன்று பக்கம் திறப்பு, மேலே ஆஸ்பெஸ்டாஸ். அங்கேதான் என்று முடிவு செய்தேன். ரப்பர் சக்கரம் போட்ட கைவண்டியைக் கொண்டுவரச் சொன்னேன். தோல் கையுறை போட்டுக்கொண்டு நான் வண்டியின் கைப்பிடிக்குப் போனேன். காசி என்னைத் தள்ளினார்.

"நா தான ஊத்துனேன். நானே தள்றேன். நீங்க நவுருங்க மேடம்."

"வழி காட்டவாவது ஆள் வேணும். பேசாம தள்ளு" என்றேன். எப்போதும் 'நீங்க' என்று பேசுகிற நான் அன்றைக்கு எப்படி ஒருமைக்குப் போனேன் என்று தெரியவில்லை.

ஸ்டாண்டில் இறக்கினோம். வளையத்தைத் திறக்கப் பித்தளை ஸ்பானர், பொறி வராது. முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டு காசி கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினார். உஸ்ஸென்று வாயு வெளியே போயிற்று. ஈரச் சுண்ணாம்பு வாடை. அது அடங்கும்வரை தள்ளி நின்றோம். பிறகு நீள மூங்கில் கழியால் மூடியைத் தள்ளிவிட்டோம். குபுகுபுவென்று ஆவி. இனி ஆறிவிடும் என்று ஒரு மூச்சு விட்டேன்.

ஆறவில்லை. உள்ளே பட்பட்டென்று பொரிந்தது. ஆவிக்குள் ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தது. அடுத்த நொடி டிரம்மின் வாய் முழுவதும் வெள்ளை. கண்ணை மூடினாலும் இமைக்குள் வெள்ளையாகத் தெரிந்தது. மேலே ஆஸ்பெஸ்டாஸ் வெடித்துத் துண்டு துண்டாகச் சிதறியது. காசியின் பைக் ஓரமாக நின்றது. அதன் சீட் உருகிக்கொண்டிருந்தது. அவர் அதைத் திரும்பியே பார்க்கவில்லை.

பிரஸ் பகுதி ஆள் ஒருவர், நேற்றைக்குக் கழுவிய அதே குழாயை இழுத்துக்கொண்டு பாய்ந்து வந்தார். நான் குழாயை மிதித்துக்கொண்டு குறுக்கே நின்றேன்.

"மேடம், எரியிது மேடம்! நவுருங்க!"

"எரியட்டும்!"

"இன்னா மேடம் எரியட்டும்னு சொல்றீங்க! கம்பெனியே பூடும்!"

"டிரம்முக்குள்ளதானே எரியுது? தண்ணி பட்டா வெடிச்சு வெளியே வரும். ஒரு சொட்டு ஊத்தக்கூடாது. ஊத்தணும்னா முதல்ல என் மேல ஊத்து."

அவர் பல்லைக் கடித்தார். குழாயை விடவில்லை. நானும் காலை எடுக்கவில்லை. எனக்குப் பயமாக இருந்தது, ஒளிப்பானேன், முதுகு தீய்ந்துகொண்டிருந்தது. ஆனால் அந்த இடத்தைவிட்டு நகர்ந்தால் முன்கேட்டில் நிற்கிற குழந்தைகள் என்ன ஆவார்கள் என்ற ஒரே எண்ணம்தான். காசி ஓடிப்போய் குழாயின் மறுமுனையில் வால்வையே மூடிவிட்டார்.

"தகரம்! இரும்புத் தகரம்!" என்று கத்தினேன். காசி தலையில் அடித்துக்கொண்டார். தகரங்கள் பளபளவென்று காலியாக, பொட்டு வைத்துக் கவிழ்ந்திருந்தன. மணல் வாளியில் கையை விட்டால் சேறு.

எதிர்க் கம்பெனியில் பிரேக் டிரம் கடைகிறார்கள். வார்ப்பிரும்பு. வார்ப்பிரும்பைத் தண்ணீரோ எண்ணெயோ விடாமல்தான் கடைவார்கள். இதை நான் நினைத்துக்கொண்டு திரும்பும்போதே, சம்பந்தம் சார் பட்டு வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருவைக் கடந்து வந்துகொண்டிருந்தார். தோளில் தார்ப்பாய் மூடிய ஒரு மூட்டை. பின்னால் அந்தக் கம்பெனி அண்ணாச்சியும் அவருடைய ஆட்களும், ஆளுக்கொரு மூட்டையோடு. ஒவ்வொரு மூட்டையையும் பிரித்ததும் சார் உள்ளே கையை விட்டார்.

"உலர்ந்திருக்கா?"

"சார், நேத்துக் கடைஞ்சதுதான் சார். துருவே இல்ல" என்றார் அண்ணாச்சி, மூச்சு வாங்கிக்கொண்டு.

நீளக் கைப்பிடி மண்வெட்டியால் காசி பரப்பினார். ஓரத்திலிருந்து, மெதுவாக, சார் அன்றைக்குச் செய்ததுபோலவே. புருவம் பொசுங்கிவிட்டது, கை ரோமம் எல்லாம் போய்விட்டது, மண்வெட்டியை யாருக்கும் தர மறுத்தார். வெள்ளை மஞ்சளாகி, ஆரஞ்சாகி, கடைசியில் இரும்புத் தூளின் கறுப்புதான் மிஞ்சியது. தீயணைப்பு வண்டி வந்தபோது அதிகாரி எட்டிப் பார்த்து, "இதை யாரும் கிளற வேணாம், தானா ஆறட்டும்" என்று சொல்லி, ஆறும்வரை கூடவே நின்றார். ஒருவருக்கும் பெரிய காயம் இல்லை. செல்வி வந்து காசியின் பொசுங்கிய முகத்தைப் பார்த்துவிட்டு முதலில் முதுகில் ஒரு அடி வைத்தாள், பிறகு அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

விடுமுறை முடிந்து கம்பெனி திறந்த அன்று முதலாளி எங்களைக் கூப்பிட்டார். காசியை வேலையைவிட்டு அனுப்பவேண்டும் என்றார். சுவரில் இவ்வளவு பெரிதாக எழுதியிருக்கிறதே, கண் இல்லையா என்று கேட்டார். காசி தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

"ஏன் தண்ணி கூடாதுன்னு நெனச்சீங்க, காசி?" என்று நான் கேட்டேன்.

"துருப் புடிக்கும்னு தான் மேடம். அதான் கழுவுன கையோட லேத்த சுத்தமா தொடச்சு எண்ண போட்டேன். ட்ரம்முல கீறது எப்டியும் கழிவுதான, துருப் புடிச்சா இன்னான்னு மூடி வச்சிட்டேன்."

 இரும்போடு வளர்ந்த எஸ்டேட். தண்ணீர் கூடாது என்றால் துரு என்றுதான் அங்கே யாரும் நினைப்பார்கள். சுவரில் 'தண்ணீர் கூடாது' என்று எழுதிய நாங்கள் அதற்குக் கீழே ஒரு வரி காரணம் எழுதவில்லை.

"காசியை அனுப்பறதா இருந்தா என் கணக்கையும் சேர்த்தே முடிச்சிடுங்க" என்றேன். முதலாளி என்னை மிரட்டுகிறீர்களா என்றார். ஆமாம் என்றேன். அப்போது சம்பந்தம் சார் வாயைத் திறந்தார். "இத்தனை வருஷம் நான் கேள்வி மட்டும்தான் கேட்டிருக்கேன். ஏன் கேக்கறேன்னு யாருக்கும் சொன்னதில்லை. அனுப்பணும்னா என்னைத்தான் முதல்ல அனுப்பணும்" என்றார். முதலாளி மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, போய் வேலையைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டார்.

அன்றைக்கே எல்லோரையும் முற்றத்துக்கு வரவழைத்தேன். இரண்டு சோதனைக் குழாய், இரண்டிலும் ஒரு சிட்டிகைச் சிப்ஸ். ஒன்றில் காய்ச்சி வடித்த தண்ணீர், இன்னொன்றில் எங்கள் போர் தண்ணீர். இரண்டையும் வெந்நீர்ப் பாத்திரத்தில் நிறுத்தினேன். முதலாவதில் ஒன்றிரண்டு குமிழிதான். இரண்டாவதில் சரம் சரமாகக் கிளம்பின. வாயை விரலால் கொஞ்ச நேரம் மூடியிருந்துவிட்டு, தீக்குச்சியைக் காசியிடம் கொடுத்தேன். விரலை எடுத்ததும் அவர் கிட்டே கொண்டுபோனார். டப்பென்று ஒரு சத்தம். பிரஸ் பகுதி ஆட்கள் ஒரு அடி பின்னால் போனார்கள். காசி நகரவில்லை.

"இத்த மொதல்லியே காட்டியிருந்தீங்கன்னா நா ஏன் மேடம் தண்ணி ஊத்தப் போறேன்?" என்றார். குரல் உடைந்துவிட்டது. "எம் பொண்ணு அதும் முன்னாடிதான குந்திக்கினு இருந்துச்சு."

அடுத்தவருக்காகக் குழாயில் இன்னொரு சிட்டிகைச் சிப்ஸைப் போட்டேன். 

அதன்பிறகு யார் வேலைக்குச் சேர்ந்தாலும், துப்புரவுக்கு வருகிறவராக இருந்தாலும், அந்த டப் சத்தத்தைக் கேட்காமல் உள்ளே விடுவதில்லை என்று வைத்தேன். சம்பந்தம் சாரும் கேள்வியை விடவில்லை, ஆனால் கேட்டபிறகு ஒரு நிமிஷம் நின்று ஏன் என்று சொல்ல ஆரம்பித்தார். அந்த வயதில் ஒரு மனிதர் தன் பழக்கத்தை மாற்றிக்கொள்வதைப் பார்க்க எனக்கு அவ்வளவு மரியாதையாக இருந்தது. அந்த டிரம்மில் மிஞ்சிய வெள்ளைச் சாம்பலில் ஒரு சிட்டிகையைக் காசி எடுத்துப்போய் லேத்துக்குப் பட்டை போட்டார். இனி எங்கள் பகுதிக்கு இதுதான் அபிஷேகம், தண்ணீர் வேண்டாம் என்றார்.

கற்பூரம் ஏற்றும் முன் எல்லா டிரம்மையும் புறங்கையால் தொட்டுப் பார்ப்பது அந்த வருஷத்திலிருந்து வந்த வழக்கம். நான் ஓய்வு பெறும்வரை தொட்டவள் நான்தான். சார் போய்ச் சேர்ந்துவிட்டார். அவரைத் தகனம் செய்ய எடுத்துப் போன அன்றைக்கும் தூறல். விறகைப் பார்த்து மனதுக்குள் அந்தக் கேள்வியை நானே கேட்டுக்கொண்டேன், சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

மண்ணூர்பேட்டைக் கம்பெனிக்கு என் பெயரைச் சொன்னவர் காசிதான். அவர் இப்போது அங்கே சூப்பர்வைசர். போன ஆயுத பூஜையன்று நான் வீட்டில் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. பின்னால் ஒரே சத்தம், பெண்கள், குழந்தைகள், மணி. யாமினி காலேஜில் படிக்கிறாள், அவள் குரலும் கேட்டது.

"மேடம், எல்லாம் ரெடி. கற்பூரம் ஏத்தப் போறோம். நீங்க ஒரு வார்த்த சொல்லிட்டீங்கன்னா…"

"உலர்ந்திருக்கா?" என்றேன்.

"உலந்து கீது மேடம். ட்ரம்மு மேல கைய வச்சிக்கினுதான் பேசறேன். ஜில்லுன்னு கீது."

"அப்ப ஏத்துங்க" என்றேன்.